பின்கதவுக்காக ஒரு மைக்

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் அய்யம்மாளுக்குப் பயப்படாதவர்கள் குறைவு. குழாயடியில் குடம் வரிசை மாறினால் போதும், அவள் குரலுக்கு மெயின்ரோட்டில் போகிற பஸ்ஸே பிரேக் போடும். அப்பேர்ப்பட்டவளை மே தினக் கிராமசபையில் மைக் முன்னால் பேசச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். பட்டாசு கம்பெனியில் அவள் வேலை பார்க்கிற ரூமுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. தீப்பிடித்தால் யோசிக்காமல் ஓடுவதற்கு. பின்கதவுக்கு வெளியே அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். ஆர்டர் அதிகம், கோடவுன் நிறைந்துவிட்டது, பெட்டிகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ரூமில் இருக்கிற பெண்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. போர்மேன் சிவபாண்டியிடம் சொல்லிப் பார்த்தார்கள். "நாளைக்கு லோடு ஏறிரும்க்கா" என்றான். லோடு ஏறியது. சூடு ஆறுவதற்குள் புதுப்பெட்டிகள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன.

கிராமசபைக்கு அதிகாரி வருவார், அங்கே சொன்னால் தீர்மானத்தில் ஏறும் என்று ரூம் பெண்கள் முடிவெடுத்தார்கள். யார் சொல்வது என்றதும் எல்லாத் தலையும் அய்யம்மாள் பக்கம் திரும்பியது.

"குழாயடியில அம்புட்டுப் பேச்சு பேசுறீக, மைக்குல நாலு வார்த்த சொல்ல மாட்டீகளா?"

"குழாயடியில நான் பேசும்போது எல்லாரும் பேசுவாக பிள்ள. மைக்குன்னா, நான் பேசும்போது எல்லாரும் சும்மால்ல இருப்பாக!"

அதோடு சிவபாண்டியும் உள்ளூர்க்காரன். கூட்டத்துக்கு வருவான். மறுநாள் காலையில் கம்பெனி வேன் அவளுக்கு நிற்குமா, நிற்காமல் போய்விடுமா என்பது அவன் கையில் இருந்தது.

காலேஜில் படிக்கிற மகள் வேல்விழி, செல்போனைப் பார்த்து வைத்தியம் சொன்னாள்.

"யம்மா, மேடைப் பயத்துக்கு மூச்ச நல்லா ஆழமா இழுக்கணுமாம்."

"வெடிமருந்து நெடியில அர மூச்சு விட்டே பழகிட்டேன். இப்பப் போயி ஆழமா இழுன்னா எங்கிட்டுப் போவேன்?"

"அப்பக் கண்ணாடியப் பாத்துப் பேசு."

கண்ணாடியில் இருந்தவள் இவளைவிடப் பயந்திருந்தாள். பாவமாக இருக்கவே அய்யம்மாள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

"சரி, கூட்டத்துல இருக்கவுக எல்லாரையும் பூசணிக்காய்னு நெனச்சுக்கோ."

"மொத வரிசையில உக்காந்திருக்கிற பூசணிக்காய்தாண்டி என்னைய வேன்ல ஏத்தணுமா வேணாமான்னு சொல்லும்!"

வெயில் கொடுமைக்காகக் கூட்டத்தைச் சமுதாயக்கூடத்துக்குள் வைத்திருந்தார்கள். தெருவிளக்கு பேசி முடிந்தது, குடிநீர் பேசி முடிந்தது. பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. நாற்காலியடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். போகிற வழியில் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் தொட்டாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று, மருந்து ரூமுக்குள் நுழையுமுன் வாசல் தகட்டைத் தொடுகிற பழக்கம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மைக்கைப் பிடித்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் கொதித்தன. எதிரே சிவபாண்டி சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முறைத்திருந்தால்கூடத் தேவலை.

"எல்லாருக்கும்..." என்றாள். வணக்கம் வரவில்லை.

"சும்மா பேசுங்கக்கா, மைக்கு கடிச்சிறாது" என்றார் ஊராட்சித் தலைவர். மைக்செட்காரர் உதவி செய்வதாக நினைத்து எதையோ திருகினார். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

அடுத்த நொடி கூடத்தில் ஆளில்லை. சத்தம் கேட்டால் என்னவென்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் இந்தப் பட்டாசு வட்டாரத்தில் கிடையாது. முதலில் ஓடுவது, அப்புறம் உயிரோடு இருந்தால் விசாரிப்பது. முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் ஜனம் பீறிக்கொண்டு வெளியேறியது. வெளிமாவட்டத்துக்காரரான அதிகாரி மட்டும் டீ கிளாஸோடு தனியே உட்கார்ந்து, "என்ன ஆச்சு?" என்று காலி நாற்காலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரோட்டில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

"ஏலே, ஸ்பீக்கருலே! வெறும் ஸ்பீக்கரு!"

சிரித்தார்கள். சிரிப்புக்குள் நடுக்கம் இருந்தது. வெறுங்காலோடு நின்ற அய்யம்மாளுக்குத் தார்ச்சூடு உறைக்கவில்லை. பக்கத்தில் சிவபாண்டி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீக எந்த வாசல் வழியா ஓடியாந்தீக?"

"பின்வாசல்க்கா."

"எங்க ரூமுல அது தொறக்காதுல்ல."

சிரிப்பு நின்றது.

"பெட்டிய அடுக்கி வச்சிருக்காக. நெசமாவே வெடிச்சா நாங்க எங்கன ஓட?"

குழாயடிக் குரல் இல்லை அது. உடைந்து உடைந்து வந்த சின்னக் குரல். ஆனால் வாசல்வரை எட்டிப் பார்க்க வந்த அதிகாரிக்குக் கேட்டது. தீர்மானத்தில் எழுதச் சொன்னார். அய்யம்மாள் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேன் நின்றது. சிவபாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்கதவு திறந்திருந்தது. பெண்கள் ஆளுக்கொரு தரம் திறந்து மூடிப் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து ரூம் பாண்டிலட்சுமி வந்தாள்.

"யக்கா, அந்தப் பெட்டியெல்லாம் இப்ப எங்க ரூமு பின்கதவுலதான் இருக்கு. அடுத்த கிராமசபை எப்பக்கா?"

"ஆகஸ்டுலதான் பிள்ள."

"அதுவரைக்கும்?"

அய்யம்மாளுக்கு மறுபடியும் நாக்கு ஒட்டியது. தூக்குவாளியை மூடி வைத்தாள். தூரத்து மரத்தடியில் சிவபாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். இங்கே மைக் இல்லை, கூட்டம் இல்லை, அதிகாரி இல்லை. பயம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.