ஒரு கிளாஸ் குடிச்சிட்டு உட்காரு

தையல் ஹாலுக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பெரிய பாத்திரம், கிளாஸ் கழுவ ஒரு தொட்டி. அந்தச் சட்டை கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அவள் இடம். டீ போடுவாள். தட்டில் வைத்து லைன் லைனாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். காலி கிளாஸ்களைப் பொறுக்கி வந்து கழுவுவாள். எல்லோருக்கும் அவள் டீ அக்கா. கிளாஸை எடுக்கிறவர்கள் கிளாஸைத்தான் பார்ப்பார்கள், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு இருமல் விடுவதே இல்லை. துணியின் ஓரம் வெட்டுப்பட வெட்டுப்படப் பஞ்சுத் தூசு பறந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் டீ கொடுக்கப் போனவள் தன் முந்தானையிலிருந்து ஒரு துண்டு அதிமதுரத்தை அவிழ்த்து அவள் கையில் வைத்தாள்.

"கடிச்சுத் துப்பிடாதீங்க. வாயில அடக்கி வச்சுக்கங்க. சாறு தானா இறங்கும்."

மறுநாள் காலை ஓவர்லாக்காரி டீ அறைக்கே வந்துவிட்டாள். "எவ்வளவு நாள் கழிச்சு நேத்துதான்கா நிம்மதியாத் தூங்கினேன். இன்னொரு துண்டு இருக்கா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. இஸ்திரி போடுகிறவனுக்குத் தலைவலி வந்தது. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். பல்வலி என்று வந்தவளுக்குக் கிராம்பைக் கடிக்கக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தாள். மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுபோகும் பெண்களுக்கு வெந்தயம் ஊறிய தண்ணீர், ஜலதோஷத்துக்கு இஞ்சியும் மிளகும் துளசியும் போட்டுக் கொதிக்க வைத்த கஷாயம், தின்றது செரிக்கவில்லை என்றால் ஓமத் தண்ணீர். இதெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எட்டு மணிக்கெல்லாம் மெஷினில் உட்கார வேண்டியவர்களுக்கு வீட்டில் நின்று கொதிக்க வைக்க நேரம் ஏது? அவள் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். டீ அக்கா கஷாயக்கா ஆனாள்.

இப்போது முகத்தைப் பார்த்தார்கள். "கொஞ்சம் என் நாக்கைப் பாருங்கக்கா" என்று நீட்டினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

வீட்டில் அவள் கணவர் குழாய் வேலை செய்கிறவர். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். "நான் இருமினா திரும்பிக்கூட பாக்க மாட்ட. கம்பெனிக்குப் போனா மட்டும் டாக்டரம்மா ஆயிடுற."

கம்பெனியில் முன்பு ஒரு நர்ஸ் இருந்தாள். முதலுதவி அறை என்று ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். காய்ச்சல் அடிக்கிறவர்களைத் தொட்டுப் பார்த்து அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அரைநாள் விடுப்பு கிடைக்கும். நர்ஸ் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் கட்டிலை வெளியே போட்டுவிட்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள்.

அந்த வாரமே சூப்பர்வைசர் டீ அறைக்கு வந்தார். யாரையும் அதட்டாமல், சிரித்த முகமாகவே வேலை வாங்குகிற மனிதர். அவர் பின்னால் ஒரு ஆள் புது அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது உங்க கஷாயத்துக்குத் தனியா. இஞ்சி, மிளகு, என்ன வேணுமோ சொல்லுங்க, கம்பெனியே வாங்கித் தரும். நீங்க இந்த ஹாலுக்கே அம்மா மாதிரி."

அன்று சாயங்காலம் அவள் பூரித்துப்போய் வீட்டில் சொன்னாள். கணவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஒரு ஊசி உடைஞ்சா ஒம்பது கேள்வி கேக்கிற ஆளு உனக்கு எதுக்கு அடுப்பு வாங்கித் தரான்?"

"நல்லது நடந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது."

"நான் குழாய்க்காரன்டி. தண்ணி வரக்கூடாத இடத்துல வந்தா, எங்க உடைஞ்சிருக்குன்னுதான் பாப்பேன்."

எங்கே உடைந்திருந்தது என்று அவளுக்குத் தெரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் போய் நிற்பவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: "கஷாயக்காகிட்ட போய் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு உட்காரு." முதலில் ஹாலே சிரித்தது. பிறகு அது உத்தரவாகிவிட்டது. முன்பு அவளைத் தேடி வந்தவர்கள் இப்போது அனுப்பப்பட்டு வந்தார்கள். சிலர் நின்றபடியே மடக்மடக்கென்று குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளாஸை வைத்துவிட்டுப் போனார்கள்.

இஸ்திரிக்காரன் ஒருநாள் சொன்னான்: "நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு வீட்ல படுத்திருப்பேன்கா."

பாராட்டுகிறான் என்று நினைத்து அவளும் சிரித்தாள். கிளாஸ் கழுவும்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது. கண் சிவந்து, காய்ச்சலோடு இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் போய் நிற்கிறான். ஆனாலும் அவள் அடுப்பை அணைத்துவிடவில்லை. மறுநாளும் இஞ்சி தட்டினாள்.

அவளுடைய நாத்தனார் மகள் அதே ஹாலில் காலர் தைத்தாள். ஒல்லியாக, விறுவிறுவென்று இருப்பாள். வீட்டில் எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அந்த வேலையை அவளுக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே கஷாயக்காதான்.

ஏற்றுமதிக்குச் சரக்கு போக வேண்டிய நேரம். காலையில் சிட்டு டீ அறைக்கு வந்து, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது, குமட்டுகிறது என்றாள். ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் சிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நிமிர முடியவில்லை. வலி இப்போது வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. கையை வைத்துப் பார்த்தாள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. தொட்ட கையை எடுத்தபோது சிட்டு அலறிவிட்டாள்.

இது வாயு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரொம்ப முடியல."

"நாளைக்குக் காலையில லாரி வந்து நிக்கும்கா. காலர் இல்லாத சட்டையா அனுப்ப முடியும்?"

"இது என் கைக்கு அடங்காது சார்."

"உங்க கைக்கு அடங்காததும் ஒண்ணு உண்டா?" அவர் சிரித்தார். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும்தானே. உங்களை நம்பித்தான் இந்த ஹாலே ஓடுது."

சீட்டு இல்லாமல் கேட்டில் யாரையும் வெளியே விட மாட்டார்கள். கத்தியிருக்கலாம். சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கேட்டை உலுக்கியிருக்கலாம். அவள் டீ அறைக்குத் திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, இஞ்சியைத் தட்டினாள்.

"இதைக் குடிச்சா போயிடுமா அத்தை?"

"போயிடும்."

சிட்டு நம்பிக் குடித்தாள். போய் உட்கார்ந்து காலர் தைத்தாள். மூன்றாவது லைனில் இருந்தவர்கள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் வாந்தி எடுத்து, படியிலேயே சரிந்து விழுந்தாள்.

குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியிருந்தது. அறுத்துச் சுத்தம் செய்தார்கள். பிறகு மறுபடியும் அறுத்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாத்தனார் அவளைப் பார்த்துக் கேட்டாள்: "பெத்தவ நான் வீட்ல இருக்கேன். பக்கத்துல நீ இருந்தியே அண்ணி. உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த உறவு பிழைத்திருக்கும்.

"தெரிஞ்சுது" என்றாள் அவள்.

"தெரிஞ்சுமா குடுத்த?"

நாத்தனார் அதன் பிறகு அவளோடு பேசவே இல்லை.

கம்பெனியில் விசாரணை நடந்தது. மேனேஜர் அறையில் ஏசி ஓடியது. அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அந்தக் கம்பெனியில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். சூப்பர்வைசர் மெதுவாக, வருத்தமான குரலில் பேசினார்.

"நான் என்ன டாக்டரா சார்? உடம்பு முடியலன்னு பசங்க அவங்ககிட்டதான் போவாங்க. அவங்க ஏதோ குடுப்பாங்க. நல்ல எண்ணம்தான், நான் தப்பா சொல்லல."

"நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே சார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு?"

"நீங்க எத்தனையோ பேருக்காக வந்து எத்தனையோ சொல்வீங்கக்கா."

ஓவர்லாக்காரியைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்: அந்தப் பெண்ணுக்குக் கஷாயம் கொடுத்தது யார்?

"அக்காதான் குடுத்தாங்க" என்றாள் ஓவர்லாக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதில் பொய் ஒன்றும் இல்லை. கொடுக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை ஓவர்லாக்காரியும் சொல்லவில்லை. அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். கஷாயக்காவுக்கு அவள்மேல் வந்த கோபம் ரொம்ப நாள் நிற்கவில்லை. அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்த கையை வைத்துக்கொண்டு யாரைப் போய்க் கோபிப்பது?

அனுமதி இல்லாமல் மருந்து கொடுத்தாள் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ அறையில் ஒரு மெஷின் வைத்தார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் டீ, இன்னொன்றை அமுக்கினால் மூலிகை டீ. உடம்பு முடியவில்லை என்று போய் நிற்பவர்களிடம் இப்போது அந்தப் பொத்தானைக் காட்டுகிறார்களாம். கடைத்தெருவில் பார்த்தபோது இஸ்திரிக்காரன்தான் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "உங்க கையால போட்டது மாதிரி வராதுக்கா" என்றும் சொன்னான். அவள் வெறுமனே தலையாட்டிவிட்டு நடந்தாள்.

அன்றைக்கே எச்சரித்தேன் என்று கணவர் சொல்லிக்காட்டாமல் இருப்பார் என்று நினைத்தாள். சொன்னார். அடிக்கடி சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தினமும் தூக்குப் பாத்திரத்தோடு போய்வந்தவரும் அவர்தான். அவளை உள்ளே விடாதே என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது ஒரு மாணவர் விடுதிச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சளி பிடித்த குழந்தையோடு வந்து நின்றால், "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள். சாதாரணச் சளிதானே என்று அவள் கெஞ்சினாலும் அதே பதில்தான். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு கொத்து துளசியால் சரியாகிவிடுகிற சளி எது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியும். தெரிவது ஒரு பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டு வந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். இன்னும் இளைத்துப் போயிருந்தாள்; உட்காரும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கம்பெனியில மறுபடி கூப்பிடுறாங்க அத்தை. காலர் இல்ல, நூல் வெட்டுற வேலை. நின்னுட்டே பண்ணலாமாம்."

"அங்கயா போற?"

"வேற எங்க போக?"

அடுத்த அறையில் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"மறுபடி வலி வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வெளிய வந்துடுவேன்."

"கேக்காத" என்றாள் அவள். "கேக்காம வா. வாசல் கேட்ல விடலன்னா அங்கயே தரையில படுத்துக் கத்து. வேலை போனா போகட்டும்."

சிட்டு சரி என்றாள். அவள் சொன்ன விதத்தில், யாரையும் கேட்காமல் அவளால் வெளியே வர முடியாது என்று அத்தைக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை சிட்டு வேலைக்குப் போனாள்.