கீறல் விழாத வண்டி

தையல்கடை அக்காவுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. இவன் ஒருவனே போதும் என்று பெற்றவர்கள் பயந்து நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும். கைக்கடிகாரம் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளை உரிக்க மாட்டான். டிவி ரிமோட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் பத்து வருஷமாய்த் தடவிக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு வந்த மெத்தையின் உறையை இன்னும் பிரிக்க விடவில்லை. புரண்டு படுக்கும்போதெல்லாம் சரசரவென்ற சத்தத்தில் அவன் மனைவி விழித்துக்கொள்வாள். இப்பேர்ப்பட்டவன் தன் பிளம்பர் தொழிலுக்கென்று ஒரு புத்தம்புது பிக்கப் வண்டி வாங்கினான்.

வாங்கி இரண்டு மாதம் ஆகியும் குழாய்களெல்லாம் பழையபடி பைக்கில்தான் போய்க்கொண்டிருந்தன. கேட்டால், பின்தொட்டிக்கு லைனர் போடவில்லையாம். சாமான் உரசிப் பெயின்ட் போகாமல் இருக்க அடியிலும் பக்கங்களிலும் போடுகிற உறை அது.

அக்காவுக்கோ அந்த வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். மூன்று தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். திங்கட்கிழமை சீருடை போய்ச் சேராவிட்டால் பள்ளிக்கூடம் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளும். அவள் பிழைப்பே அந்த ஒரு ஆர்டரில்தான் ஓடியது. தம்பியிடம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். லைனர் போட்டதும் முதல் லோடு அக்காவுடையதுதான் என்று அவனும் பெரிய மனசு பண்ணி வாக்குக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு கடை கடையாக ஏறி இறங்கினான். ரப்பர் பாயைப் பார்த்தான். பக்கங்களை மூடாது என்று வேண்டாமென்றான். லைனரை ஸ்பிரேயாகவே அடித்துவிடுகிற இடத்தில் நாள் குறித்து வண்டியை விட்டான். அடிக்கிற ஸ்பிரே ஒட்டிப் பிடிக்க வேண்டுமானால் முதலில் பெயின்ட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும் என்று மெக்கானிக் உப்புத்தாளைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான். கடைசியில் தொட்டி மாதிரி அப்படியே உள்ளே உட்காரும் பிளாஸ்டிக் லைனர் ஒன்றை வாங்கினான். அது பெயின்ட்டில் உரசுமே என்று அடியில் இரண்டு கம்பளியை வேறு விரித்தான். கம்பளியில் மழைத்தண்ணீர் ஊறித் தகரம் துருப்பிடித்துவிடும் என்று கடைக்காரர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். துரு உள்ளேதானே இருக்கும், கண்ணில் படாதே என்றானாம். இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடையில் தைக்கும் பெண்கள் இருவர் முதல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி குறுக்கே வந்து நின்றான். மெஷினின் இரும்புக் காலைப் பார்த்தான், லைனரைப் பார்த்தான்.

"அக்கா, லைனர் புதுசு. காலுக்கெல்லாம் துணி சுத்திடலாமா? உன்கிட்டதான் துணி நிறைய இருக்கே."

மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண் போன இடம் சீருடைத் துணிக்கட்டு. வண்டியில் கீறல் விழக் கூடாதென்று லைனர், லைனரில் கீறல் விழக் கூடாதென்று பள்ளிப் பிள்ளைகளின் சட்டைத் துணி. மெஷினைக் கீழே வைக்கச் சொன்னாள். தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரைப் போனில் கூப்பிட்டாள். அவருடைய வண்டியில் ஒடுக்கு விழாத இடமே கிடையாது. கால் மணி நேரத்தில் வந்தார். இரண்டே நடையில் எல்லாவற்றையும் ஏற்றிப் போய்விடலாம் என்றார்.

"நீ கிளம்புடா. உன் வண்டிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்றாள் தம்பியிடம்.

சுருக்கென்று குத்தட்டும் என்றுதான் சொன்னாள். ரோஷப்பட்டு அவன் சண்டைக்கு வந்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

"அதான்க்கா நல்லது" என்றான் அவன். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.