நல்லமுத்து எழுதிய மூன்றாம் அத்தியாயம்

விருத்தாசலத்தை ஒட்டிய காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நல்லமுத்து. அம்மா ஆராயி பீங்கான் பட்டறையில் கூலி வேலை பார்த்தாள். 1968-இல் அவன் சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தான்.

"ஜனங்களோட கொஞ்ச நாள் பழகு. கண்ணால பார்த்ததை எழுது. அதுதான் கள ஆய்வு" என்றார் பேராசிரியர் தேவநாதன். "உங்க காலனியையே எடுத்துக்கோயேன்."

"எங்களை எழுத எத்தனையோ பேரு வருவாங்க சார். நான் ஊர்த்தெருவை எழுதுறேன்."

தேவநாதன் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

நல்லமுத்து ஊருக்கு வந்து, நிலக்காரர் கோவிந்தசாமியின் வாசலில் போய் நின்றான்.

"ஆராயி மவனா? என்னாடா?"

"கல்யாணம், சடங்கு பத்தியெல்லாம் கேட்டு எழுதணுங்க."

"கேளு. அங்கியே நின்னு கேளு."

வெயிலில் நின்றே கேட்டான். தாகம் என்றதும் கோவிந்தசாமியின் மனைவி விருத்தாம்பாள் செம்பை உயரத் தூக்கி, குவித்த கையில் தண்ணீர் ஊற்றினாள். தெருவில் எந்த வீடும் இதற்கு மாறாக இல்லை.

எந்த வீட்டில் எங்கே நிறுத்தினார்கள், எந்தக் கேள்விக்கு முகம் திருப்பினார்கள், தன் கண்ணுக்கு எட்டாத உள்ளறைகள் எவை என்று ஒன்றுவிடாமல் எழுதினான். அதுவே அவன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். அதை முடித்த அன்று, படித்த படிப்புக்கெல்லாம் அர்த்தம் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

தேவநாதன் பக்கத்துக்குப் பக்கம் குறுக்குக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். "இதுல ஊர் எங்கப்பா இருக்கு? நீதான் இருக்கே."

"பார்த்ததைத்தான் சார் எழுதினேன்."

"உன் கோவத்தை எழுதச் சொல்லலையே. இப்படியே குடுத்தா தேற மாட்டே."

பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினால் அம்மாவைப் போல அவனுக்கும் பீங்கான் பட்டறைக் கூலி வேலைதான். திருத்தினான். 'ஆய்வாளர் வீடுதோறும் சென்றார். மக்கள் மனமுவந்து ஒத்துழைத்தனர்' என்று எழுதினான். காணாத உள்ளறைச் சடங்குகளை நூலகப் புத்தகங்களிலிருந்து நிரப்பினான். முதல் வகுப்பு கிடைத்தது. எழுதுவதை அத்தோடு விட்டான்.

அதே துறையில் அவன் விரிவுரையாளரானான். 1977-இல் ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதிய ஆய்வு நூல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் தனக்கு எங்கே பாய் விரித்தார்கள், எந்த அறைக்குள் விடவில்லை, அப்போது தன் மனம் என்ன பாடுபட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

"எவ்வளவு நேர்மை பார்த்தியா! தன்னையே களமா வச்சிருக்கா" என்று தேவநாதன் நெகிழ்ந்தார். நூலைப் பாடத்திட்டத்தில் சேர்த்து, "நீயே நடத்து, நல்லமுத்து. கிராமம் தெரிஞ்ச ஆளு" என்றார்.

அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். பழசு எதுவும் அவருக்கு நினைவில்லை.

"சரிங்க சார்" என்று நூலை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனான்.