அக்கரையில் மனைவி, இக்கரையில் இரும்பு

பின்னல் இரும்புப் பாலம் பூட்டுகிறவனுக்கு அவசரமே ஆகாது. எனக்கோ மலாயாவின் அவசரகாலத்தில்தான் அந்த வேலை வாய்த்தது. ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரப்பாலத்தைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் எரித்தபோது, நான் வேலைக்காக இக்கரைக்கு வந்து மாட்டிக்கொண்டேன். அக்கரை லயத்தில் என் மனைவி ராக்கம்மாள் நிறைமாதம். ஆஸ்பத்திரி இக்கரையில். நடுவில் படகு இறங்க முடியாத வெள்ளம். புதுப் பாலத்துக்கு நான்தான் மண்டோர், அதாவது மேஸ்திரி.

கேட்டில் நின்ற சோறு

சமைத்த சோறு காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, கம்பிவேலிக் கேட்டைத் தாண்டி ஒரு பிடிகூட விடமாட்டார்கள். வெறும் வயிற்றோடுதான் நட்டு முறுக்க வேண்டும். கேட்டில் காவல் நின்ற தங்கையா நம்ம ஆள்தானே என்று கெஞ்சிப் பார்த்தேன். அவன் என் தூக்குச்சட்டியை வாங்கி ஓரமாக வைத்தான்.

"பசிச்சா இரும்பக் கடிங்க மண்டோர், அதுக்குத் தடை இல்ல லா."

பயத்தில் முறுக்கியது

கரையிலேயே பாலத்தைப் பூட்டி, உருளைகள்மேல் அக்கரைக்குத் தள்ள வேண்டும். குறுக்குச் சட்டங்களை எல்லாம் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, கடைசியில்தான் போல்ட்டுகளை இறுக்குவது வழக்கம். ஆனால் காட்டோரத்திலிருந்து எப்போது குண்டு வருமோ? ஏறிய இடத்துக்கு மறுபடி ஏற யாருக்கும் மனமில்லை. ஏறின கையோடு இறுக்கிவிட்டு இறங்கினோம். நானும்தான்.

மற்றதெல்லாம் முன்பே இறுகிவிட்டதால் கடைசிச் சட்டம் பொருந்தவில்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் விரல் அகலம் வித்தியாசம். அக்கரையில் ராக்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எப்பங்க முடியும்?" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி ஆரம்பித்தோம். என் கூட்டாளி அந்தோணி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, சுட வந்தவன்கூட நம்மளப் பாத்து சிரிச்சிட்டுப் போயிருப்பான்."

முதல் வண்டி

பாலம் அக்கரையைத் தொட்டது, பலகையும் அடித்தாயிற்று. மறுநாள் மணல்மூட்டை ஏற்றிச் சோதித்த பிறகுதான் வண்டி என்றார் இன்ஜினியர் துரை. அன்று மதியமே ராக்கம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. அக்கரையில் கிடந்த ரப்பர் பால் லோரியில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து பாலத்தின் முனையில் நிறுத்திவிட்டார்கள். துரை என் முகத்தைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வண்டி போகும்போது பாலத்தைப் பூட்டிய மண்டோர் அடியில் நிற்க வேண்டும், அது எங்கள் வழக்கம். கரையோரத்து இடுப்பளவு தண்ணீரில் கரைக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். லோரி ஏறியதும் இரும்பு முழுவதும் கிறீச்சிட்டது. புதுப் பாலம் அப்படித்தான் சத்தம் போடும், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உயிர் என்னிடம் இல்லை. சத்தம் நின்றதும் கரையேறி ஓடினேன். ராக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, என்னைவிட உங்க பாலந்தான் கூடக் கத்துது. மொதல்ல அதுக்கு மருத்துவச்சியக் கூப்பிடுங்க."

மகள் ஆஸ்பத்திரியில் பத்திரமாகப் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கியபோதும் என் விரல்கள் தேடியது, எங்காவது நட்டு தளர்ந்திருக்கிறதா என்றுதான்.