சாவியை எடுத்த பிறகும் எரிந்த விளக்கு

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதுகிறேன். அவை தெரியக் கூடாதவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டன.

என்னிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வெள்ளைக் கார். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஆள் முழங்கால் இடிக்கும். கேசட் போடுகிற ரேடியோ, இழுத்தால் வருகிற ஆஷ்ட்ரே, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி என்று எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் வணிகவியல் ஆசிரியை. குடியிருப்பது விழுப்புரத்தில், தம்பி வீட்டு மாடியில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கேயும் சொல்லப்போவதில்லை. தினமும் அந்தக் காரில்தான் போய்வருகிறேன். இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கக் கூடாதா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்காத ஆள் இல்லை.

புதுசு வாங்காததற்குக் காரணம் இருந்தது. இப்போது வருகிற கார்கள் எல்லாம் பேசுகின்றன. எங்கே போனோம், எப்போது வந்தோம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கின்றன. என்னுடையது வாயில்லாப் பூச்சி. எனக்கு அப்படி ஒன்றுதான் தேவைப்பட்டது, ஏனென்றால் சனிக்கிழமைகளில் நான் ஒருவருக்கும் தெரியாமல் என் தங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

தங்கை எங்கள் வீட்டில் கடைசி. வேறு சாதிப் பையனைக் காதலித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். முகையூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மீசையும் இருக்கிறது. அவள் போன செய்தி வந்த அன்று ஊர் வீட்டில் எல்லாரும் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தோம். செத்தவர்களுக்குச் செய்கிற காரியம். அப்பா அம்மா காலமாகிவிட்டதால் தம்பிதான் முதலில் ஊற்றிக்கொண்டான். வயதில் நான் மூத்தவள் என்பது இந்த மாதிரி விஷயங்களில் கணக்கில் வராது. ஈரத் தலையோடு அவன் சொன்னதை நான் மறக்கவில்லை.

"ரெண்டு பேரும் என் கண்ணுல படாம இருந்துக்கினா அவங்களுக்கு நல்லது."

பட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் போனவர்களில் சிலர் என்ன ஆனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நாள் அவன் பங்காளிகளோடு வண்டி எடுத்துக்கொண்டு தேடினான். பிறகு தேடுவதை விட்டான். கோபம் தணிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் குயிலாப்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆரோவில்லில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. பல ஊர் ஆட்கள் வந்துபோகிற இடம், அங்கே யார் என்ன சாதி என்று யாரும் துருவுவதில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிடுவேன். போனைப் பள்ளியில் என் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுக் காரை எடுப்பேன். போன் காட்டிக்கொடுக்கும் என்ற விவரம் எனக்கு இருந்தது. ரொம்ப விவரமானவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

தம்பிக்கு விழுப்புரத்தில் கார் அலங்காரக் கடை. சீட் கவர், ஸ்பீக்கர், கேமரா, கண்ணாடிக்கு ஒட்டுகிற ஃபிலிம் எல்லாம் போடுவான். அவன் கை சுத்தமான கை. அவன் ஒயர் இழுத்தால் இழுத்த தடம் தெரியாது. என் காரை மட்டும் அவன் தொட நான் விட்டதில்லை. போன வருடம் பள்ளி கேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் இடித்துவிட்டேன். நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கேமராவாவது வைத்துக்கொள் என்றான். பாட்டில்லாமல், போனுக்கு சார்ஜ் போட வழியில்லாமல் இவ்வளவு தூரம் எப்படித்தான் ஓட்டுகிறாயோ என்றான். என் மேல் அவனுக்கு உயிர், அதையும் சொல்ல வேண்டும். நான் வந்து சேராமல் ராத்திரி சாப்பாட்டில் கை வைக்க மாட்டான்.

சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "எது வேணா வை. வெளிய ஒண்ணும் தெரியக் கூடாது."

"நீயே தேடினாலும் கெடைக்காதுக்கா" என்றான்.

ஒரு வாரம் காரைக் கடையில் வைத்துக்கொண்டான். திரும்பி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அழகாகச் செய்திருந்தான். ரேடியோவின் முகம் அப்படியே இருந்தது, பழைய குமிழைத் திருகினால் போனிலிருக்கும் பாட்டு வந்தது. ஆஷ்ட்ரேயை இழுத்தால் உள்ளே சார்ஜர் முனை. நம்பர் பிளேட் விளக்கோடு விளக்காகக் கேமரா உட்கார்ந்திருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டால் உள் கண்ணாடியின் மூலையில் பின்பக்கம் படமாகத் தெரியும், கியரை எடுத்தால் வெறும் கண்ணாடி. புது ஒயர்களின் மேல்கூட மங்கிய பழைய துணி டேப்பைச் சுற்றியிருந்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியை என் கையில் கொடுத்தான்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாகச் சில நடந்தன. ஒரு சனிக்கிழமை இரவு தோசை தின்றுகொண்டே, கிளியனூர் பக்கம் மழையா என்று கேட்டான். நல்ல மழை என்று சொல்லிவிட்டேன். கிளியனூர் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற வழி. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அங்கே மழை பெய்தது எப்படித் தெரியும்? அவன் அதைக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தோசை கேட்டான். கடைக்கு ஏதோ சரக்கு அந்த வழியாக வருகிறது போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானமானேன்.

தங்கை அப்போது மாசமாக இருந்தாள். செக்கப்புக்கு அவளைக் காரில் அழைத்துப் போவேன். வீட்டில் பேச முடியாததை எல்லாம் காரில்தான் பேசுவோம். மாப்பிள்ளை காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், முந்திரித் தோப்பு வழியாக அவர் தனியாக சைக்கிளில் வருவது பயமாக இருக்கிறது, பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி. எல்லாம் அந்தக் காருக்குள் பேசியதுதான்.

சில மாதங்கள் கழித்து எனக்குச் சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. காரைப் பள்ளி வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு ரயிலில் போனேன். வாரக் கடைசியில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தத்தோடு சரி. தம்பிக்குப் போன் போட்டால் கடையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். எதற்குத் தொந்தரவு என்று, பள்ளி வாட்ச்மேன் காட்டிய ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

அவர் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர், நிறையப் பேசுகிறவர். வேறு பேட்டரி கொண்டுவந்து ஒட்டுக் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சாவியை என் கையில் கொடுத்தார். பிறகு பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே சின்ன டெஸ்ட் விளக்கு ஒன்றைப் பிடித்தார். எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாதாம். எரிந்தது. மங்கலாக, சிவப்பாக, அசையாமல் எரிந்தது.

ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து கரண்ட்டைக் குடிக்கிறது என்றார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோவுக்கு உள்ளது, கேமராவுக்கு உள்ளது, சார்ஜருக்கு உள்ளது. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் அவர் பேச்சு குறைந்துவிட்டது. பேட்டரியிலிருந்தே நேராகப் போகிற ஓர் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்துக் காட்டினார். அதன் மேலும் மங்கிய துணி டேப் சுற்றியிருந்தது.

"லாரி ஓனருங்க டிரைவருக்குத் தெரியாம இதை வச்சிக்கினு இருப்பாங்கம்மா. வண்டி எங்க நிக்குது, எங்க போகுதுன்னு போன்லயே பாக்கலாம்." பெட்டியைத் திருப்பி, ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்றைக் காட்டினார். "இதுல மைக்கும் இருக்குதுங்க. அங்கருந்து ஒரு போன் போட்டா, உள்ள பேசுறது மொத்தமும் கேக்கும்."

பின்சீட்டில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து, மாப்பிள்ளை வருகிற வழியைத் தங்கை சொன்னது ஞாபகம் வந்தது. கழற்றிவிடட்டுமா என்று அவர் கேட்டார். கழற்றினால் அவனுக்குத் தெரிந்துவிடும். இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிடச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பழையபடி உள்ளே தள்ளினார். டேப்பைக்கூட அதே மடிப்பில் சுற்றினார்.

போனை வழக்கம்போல் டிராயரில் வைத்தேன். கார் வேப்பமரத்தடியில் நின்றது. யார் பார்த்தாலும் நான் திண்டிவனத்தில் இருப்பதாகத்தான் தெரியும். புதுச்சேரி பஸ் ஏறினேன். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் குயிலாப்பாளையம் போய்ச் சேரும்வரை ஒரே வேண்டுதல்தான், இன்றைக்கு மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று.

இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். தங்கை முறத்தில் மல்லாட்டை உரித்துக் கடலையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணன் வந்துச்சுக்கா. நம்ம வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சுதுக்கா."

சொல்லும்போதே அழுதாள். எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் அர்த்தம் புரியும். தலைமுழுகி ஒதுக்கிவைத்தவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் எல்லாம் தீர்ந்தது என்று பொருள். அவன் தனியாகத்தான் வந்தானாம். அதிகம் பேசவில்லையாம், வீட்டைச் சுற்றிப் பார்த்தானாம், வயிற்றுப்பிள்ளையைப் பற்றிக் கேட்டானாம். அக்காவிடம் நீ சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றானாம். மாசமாக இருக்கிறவள் இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று வாசலுக்கு ஒரு நல்ல பல்பும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

நான் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். சாதாரண பல்பு மாதிரிதான் இருந்தது. பட்டப்பகலில் எரியாமல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு கண் இருந்தது. இந்தக் கேமரா பல்புகளை அவன் கடையில் அடுக்கி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணுக்கு நேர் கீழே என் முகம் இருந்தது.

உள்ளே தங்கையின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பேசி, சிரித்தபடி என்னிடம் நீட்டினாள். தம்பியின் குரலில் கோபம் துளியும் இல்லை. ராத்திரி சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

"ஏன்க்கா பஸ்ல வந்த? கார் இன்னா ஆச்சு?"

பேட்டரி இறங்கிவிட்டது என்றேன்.

"பழைய பேட்டரிக்கா. நான் புதுசு போட்டுத் தர்றேன். நீ பேஜாராவாத" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தங்கையைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. தண்ணி குடிச்சுதுக்கா, தண்ணி குடிச்சுதுக்கா என்று அதையே சொன்னாள். மாப்பிள்ளை நம்பினார். அன்று பொழுது சாய்வதற்குள் பின்பக்கத்து முந்திரித் தோப்பு வழியாக இரண்டு பைகளோடு கிளம்பினார்கள். வாசல் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுத்தான் போனார்கள். எங்கே போகிறோம் என்று சொல்ல மாப்பிள்ளை வாயெடுத்தார். சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். எனக்குத் தெரிந்தால் அது எப்படியாவது அவனுக்குப் போய்விடும். இனிமேல் எந்த ஒயர் வழியாகப் போகும் என்று எனக்கு என்ன தெரியும்?

அவன் நல்ல எண்ணத்தில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். நானும் அதை நம்பப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். கொல்ல வந்தானா கொஞ்ச வந்தானா என்று தெரிந்துகொள்ள என் தங்கையை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது.

சொன்னபடி புது பேட்டரி போட்டுக் கொடுத்தான். அதே காரில்தான் இன்றும் திண்டிவனம் போய்வருகிறேன். பெட்டி உள்ளேதான் இருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும், அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒரு நாள் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டேஷ்போர்டைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். "தம்பி, அவள விட்டுடுடா." அன்று இரவு நான் போனபோது அவன் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தான். தட்டைப் பார்த்தபடியே, பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

தங்கைக்குப் பிரசவ மாதம் வந்து போய்விட்டது. பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது.