தேனீக்களுக்குப் போன ஐசிங் சீனி

சண்டையால் பாதை மூடிக்கிடந்த அந்த வருடங்களில் ஐசிங் சீனி எங்கள் வீட்டில் பூசைப் பொருள் மாதிரி. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த ஒரேயொரு பைக்கற்றை அம்மா தகர ரின்னில் கொட்டி, கிறிஸ்து பிறப்புக்குச் செய்கிற நத்தார் கேக்குக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். சாவி அக்காவிடம்.

கப்பல்துறைக் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்த மாமாவின் மகன், எங்கள் அத்தான், அப்போது எங்களோடு இருந்தார். உடுப்புப் பையை விட்டுவிட்டு, இரண்டு தேனீப் பெட்டிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பூச்சிகள் இருக்குமட்டும் தானும் இங்கே; அவை எழும்பிப் போனால் தானும் வெளிநாட்டுக்கு வழி பார்ப்பதாக அத்தான் சொல்லித் திரிந்தார்.

தேனீக்களில் உண்ணி பற்றியதை முதலில் கண்டது நான்தான். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நான் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டே திரிந்த காலம். பெட்டி வாசலில் ஊர்ந்த தேனீயின் முதுகில் ஒரு செம்பழுப்புப் பொட்டு. பொட்டு நகர்ந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். அத்தான் ஆண் தேனீ அறைகள் சிலவற்றை ஊசியால் திறந்தார். உள்ளே கிடந்த வெள்ளைப் புழுக்களிலும் அதே பொட்டுகள். அவர் முகம் செத்துப்போனது. உண்ணி பெருகினால் தேனீக்கள் பெட்டியையே கைவிட்டுப் போய்விடுமாம். மருந்து வர வழியில்லை. மாவாக அரைத்த சீனியைத் தூவினால் தேனீக்கள் தங்கள் உடம்பைத் துடைக்குமாம், உண்ணி பிடி நழுவி விழுமாம்.

"அந்தச் சீனியை மாமியிட்டக் கேக்க ஏலாது," என்றார் அத்தான்.

"கேக்க வேண்டாம். சாவி என்னட்டக் கிடக்கு," என்றாள் அக்கா. குளவியைக் கண்டாலே குசினிக் கதவைச் சாத்துகிறவள், ரின்னோடு பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள்.

நுளம்பு கடிக்காமல் கட்டுகிற பழைய வலையால் அத்தான் சீனியைச் சலித்துத் தூவ, தேனீக்கள் துறைமுகத்துக் கோதுமை மா ஆலையில் வேலை முடிந்து வருகிற ஆட்கள் மாதிரி வெளுத்துப்போயின. பெட்டியின் அடியில் தேங்காயெண்ணெய் பூசிய கலண்டர் தாள் வைத்திருந்தோம். மறுநாள் அதில் உண்ணிகள் ஒட்டிக்கிடந்தன. கண்ணாடியால் பார்த்து எண்ணுவது என் உத்தியோகம். உண்ணியிருந்த அறைகளையும் அத்தான் வெட்டி எடுத்தார். வாராவாரம் தூவினோம். மாரி தொடங்கும்போது தாளில் உண்ணி இல்லை. ரின்னில் சீனியும் இல்லை.

நத்தாருக்கு முதல்நாள் அம்மா ரின்னைத் திறந்தார்.

"பூச்சிக்குக் குடுத்தனான்," என்றாள் அக்கா, நிலத்தைப் பார்த்தபடி.

"நீயோ? குளவிக்குப் பயந்து ஓடுற நீயோ?"

அத்தான் கிணற்றடிக்கு நழுவினார். அம்மா அக்காவையும் கிணற்றடியையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு விழும் என்று நின்றேன். அவரோ சிரித்துவிட்டு, அத்தானின் தேன் போத்தலை எடுத்து மொட்டைக் கேக்கின்மேல் ஊற்றத் தொடங்கினார்.

அம்மாவுக்கு விசயம் சரியாக விளங்கவில்லையென்று எனக்குக் கவலை. உண்ணி எவ்வளவு ஆபத்தானது என்று மூச்சுவிடாமல் சொல்லி, கண்ணாடியையும் தாளையும் நீட்டினேன்.

"கண்ணாடி வேண்டாம் பிள்ளை. எனக்கு இங்கையிருந்தே தெரியுது."

ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுகிற அம்மாவுக்கு உண்ணி எப்படித் தெரிந்தது என்று நத்தார் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.