தலை வெட்டிய சுறா

சுறாவில் எது சாப்பிட நல்லது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். பால்சுறா நல்லது. கை நீளத்துக்குமேல் அதிகம் வளராத சின்னச் சாதி. சதையை உதிர்த்து வறுக்கிற வறைக்கு அதைப் போல ஒன்றில்லை. கொம்பன் சுறாவும் பரவாயில்லை, புளி விட்டுக் காய்ச்சினால் சோறு இறங்கும். உழுவைச் சுறாவைக் கருவாடாக்கித்தான் எனக்குப் பிடிக்கும். ஆளைவிட நீளமான பெருஞ்சுறாவை மட்டும் நான் தொடமாட்டேன்.

காரணம் முல்லைத்தீவுக் கரை. அங்கே ஒரு வாடியில் கூலிக்கு வலை இழுத்தேன். வாடி என்றால் பருவத்துக்கு வரும் மீன்பிடிகாரர் தங்குகிற ஓலைக் கொட்டில். கடல் கொந்தளித்துப் பல நாள் தொழில் இல்லாமல் கிடந்தபிறகு பெருஞ்சுறா ஒன்று அகப்பட்டது. பசியில் எல்லோரும் அன்றே கறி வைத்துத் தின்றார்கள். எனக்குக் காய்ச்சல், கஞ்சிதான் குடித்தேன். முதலில் அவர்களுக்கு நாக்கு விறைத்தது. பிறகு உள்ளங்கால் எரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் கத்தினார்கள். என் பாயில் பாதியில் படுத்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டு வண்டிலிலேயே செத்தான். அந்த வாடியில் அதற்குப்பிறகு நான் நிற்கவில்லை.

நடந்தும் லொறியில் தொற்றியும் உருத்திரபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் வயலில் வேலை கிடைத்தது. அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். நான் வந்த அந்தப் போகத்தில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பால் வரவில்லை. கடையில் தகரப் பேணியில் விற்கிற பேணிப்பால் கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனது. முதலில் பெரிதாக அழுத பிள்ளை, பிறகு பூனைக்குட்டிபோல் அனுங்கியது. அந்த அனுங்கல்தான் எல்லோரையும் பயப்படுத்தியது. பக்கத்துக் காணி மாமி வந்து பார்த்துவிட்டு, "பால்சுறா வறை குடுத்தால் பால் ஊறும். ஆரையும் கரைக்கு அனுப்புங்கோ" என்றா. அண்ணை தன் சைக்கிளை என்னிடம் தந்தார்.

விடியுமுன் புறப்பட்டுப் பூநகரிக்கு அங்கால் கரைக்குப் போனேன். நான் போனபோது சுறாக்களை வெட்டி முடித்திருந்தார்கள். செட்டைக்குத் தனி வியாபாரி வருவான் என்பதால் கரைக்கு வந்தவுடன் செட்டையையும் வாலையும் அறுத்துவிடுவார்கள். தலையையும் வெட்டி எறிவார்கள். வாடிக்குப் பக்கத்தில் தலைகள் குவிந்து கிடந்தன. சின்னதும் பெரிதுமாய், கண் மூடாமல். எந்தத் தலை எந்த உடலுக்குரியது என்று யாருக்கும் தெரியாது.

"பால்சுறா இருக்கோ?" என்று வாடி முதலாளியான சம்மாட்டியைக் கேட்டேன்.

"ஆருக்கு?"

"பிள்ளைப்பெத்தவவுக்கு."

"அப்ப இதைக் கொண்டு போ. அசல் பால்சுறா." ஒரு துண்டத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதின்ரை தலை எங்கை?"

"ஏன், தலையையோ அவவுக்குக் குடுக்கப் போறாய்? சுறா வந்து கடிக்கப் போகுது, கவனம்!"

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, துண்டத்தை உமலில் போட்டு, அந்த ஓலைப்பையை ஹாண்டிலில் தொங்கவிட்டு வந்தேன்.

காட்டுப் பாதையில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. வேறு நாளென்றால் அதைப் பார்த்தே திரும்பியிருப்பேன். அன்று பயம் முழுவதும் உமலுக்குள் இருந்தது. மதகடியில் நின்று உமலை நனைக்கும்போது வெட்டு முகத்தைப் பார்த்தேன். நடு எலும்பு என் பெருவிரலைவிடத் தடிப்பு. பால்சுறாவின் எலும்பு சுண்டுவிரல் அளவும் வராதே, இது பெருஞ்சுறாவின் வால்பக்கமோ என்று பட்டது. வெட்டின இடமும் சதையும் வெயிலில் ஊதியிருக்குமோ என்றும் பட்டது. எறிந்துவிட்டுப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு அந்த அனுங்கலுக்கு முன்னால் போய் நிற்க முடியாது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணைக்குக் கோபம் வந்தது.

"வாடிக்காரன் பிள்ளைப்பெத்தவவுக்கெண்டு கேட்டும் பொய் சொல்லுவானே? நீ முல்லைத்தீவிலை கண்டதை நினைச்சு வெருளுறாய்."

மாமி துண்டத்தை மணந்து பார்த்தா. "நல்ல பால்சுறா. கொஞ்சம் கொழுத்தது, அவ்வளவுதான்." பூனைக்கு ஒரு துண்டு போட்டா. பூனை தின்றுவிட்டு வாயை நக்கியது. "கண்டியோ?"

"அங்கையும் நாய் திண்டது மாமி. அடுத்த நாள்தான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரிஞ்சது. நாளை வரைக்கும் பொறுங்கோ."

"பிள்ளை பொறுக்குமோ?" என்று அண்ணை கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நான் முதல் சாப்பிடுறன்."

"பாருங்கோவன், இவனுக்குச் சுறா வறையிலை ஆசை!" என்று மாமி அடுப்பை மூட்டினா.

அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, உள்ளியும் சீரகமும் சேர்த்து நல்லெண்ணெயில் வறுத்தா. பிள்ளைப்பெத்தவவுக்கு மிளகாய் ஆகாது என்று மிளகை அள்ளிப் போட்டா. நான் குசினி வாசலில் குந்தியிருந்து சாப்பிட்டேன். ருசியைச் சொல்ல எனக்குத் தெரியாது. விழுங்கின உடனே நாக்கு எரிந்தது. பிறகு உதடு விறைத்தது.

"மாமி, வாய் விறைக்குது."

"இவ்வளவு மிளகு போட்டால் விறைக்காமல்? பேசாமல் இரு. கொஞ்சத்தாலை உனக்கும் பால் ஊறும்!"

மிளகா, நஞ்சா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். அது எரிக்கிறதா என்று பார்த்தேன். காலில் ஊற்றினேன். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் சில்லென்று இருப்பதாக நானே நினைக்கிறேனோ என்று மறுபடியும் ஊற்றினேன். முற்றம் சேறாகிவிட்டது.

அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம் அக்கா."

"கால் எரியுதோ?"

"இல்லை. ஆனால் விளக்கு வைக்கிறமட்டும் பொறுங்கோ. அங்கை அவங்களுக்குச் சுணங்கித்தான் வந்தது."

பிள்ளையின் அனுங்கல் நின்றிருந்தது. எரிவதைவிட அந்த அமைதி மோசமாயிருந்தது. அக்கா உள்ளேயிருந்து, "மாமி, அதைக் கொண்டு வாங்கோ. அவன் நிக்கிறான்தானே" என்றா. நான் எழுந்து கதவடிக்குப் போனேன். ஆம்பிளைகள் உள்ளே போகக் கூடாத அறை. வெளியிலேயே நின்று, அக்கா மெல்லுகிற சத்தத்தைக் கேட்டேன்.

"அக்கா, நாக்கு எரியுதோ?"

"எரியுது. மாமியின்ரை கைப் பக்குவம் அப்பிடி."

பொழுதுபட்ட நேரம் அக்கா பிள்ளையை எடுத்து அணைத்தா என்று மாமி சொன்னபோது எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. நஞ்சு பாலில் இறங்கினால்? இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. முற்றத்து மால் கொட்டிலுக்குள் சாக்கில் சுருண்டு, கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே கிடந்தேன். அக்கா இருமினால் எழுந்து உட்கார்ந்தேன். இருமாவிட்டாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

கிழக்கு வெளுத்ததும் அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது.

"மாமி, மிச்ச வறை எங்கை?"

"இரவே உன்ரை மனிசன் சட்டியை வழிச்சுப் போட்டான்."

"அதுக்குள்ளையோ? வெளியிலை ஒருத்தன் பயத்திலை சாகிறான், இவருக்குப் பசி!"

அண்ணை கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். திரும்பவேயில்லை. உள்ளே பிள்ளை வாயை வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இடையில் மூச்சு முட்டி ஒரு செருமல், பிறகு மறுபடியும் உறிஞ்சல். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். காலில் விறைப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தும், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி," என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டா. "பால் வருது. இண்டைக்கும் ஒருக்காக் கரைக்குப் போய் வாறியோ? அதே சுறாவிலை இன்னுமொரு துண்டு."

நான் ஓம் என்று சொல்லாமல், பூனை பின்னங்காலை இழுக்கிறதா என்று பார்க்க அதைத் தேடிப் போனேன்.